டம்மி பட்டனுக்குப் பின்னால்

கார் ஷோரூமில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். என்ஜின் ஒன்றுதான், கதவுத் தகடும் ஒன்றுதான். விலை மட்டும் படிப்படியாக ஏறும். உள்ளே ஏறி உட்கார்ந்ததும் வித்தியாசம் கைக்குத் தட்டுப்படும் இடம் ஸ்டியரிங். விலை கூடிய மாடலில் ஒலியைக் கூட்ட, குறைக்க, பாட்டை மாற்ற, போனை எடுக்க என்று கட்டைவிரல் எட்டும் தூரத்தில் பட்டன்கள் இருக்கும். பேஸ் மாடலில் அதே இடத்தில், அதே வடிவத்தில், எதுவும் எழுதாத ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. வண்டிக்காரர்கள் இதை டம்மி என்பார்கள்.

டம்மிக்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல, கணக்கு. பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு செய்யத்தான் பெரும் பணம் ஆகும். அதிலிருந்து ஒவ்வொரு துண்டாக வார்த்தெடுக்க ஆவது சொற்பம். பட்டன் உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்று இரண்டு அச்சு செய்வதைவிட, ஒரே ஸ்டியரிங்கை எல்லா மாடலுக்கும் வார்த்து, கீழ் மாடலில் குழியை மூடிவிடுவது லாபம். அந்த மூடியைத் தினமும் பார்த்துக்கொண்டு ஓட்டுபவருக்கு ஒரு நாள் ஆசை வருவது இயல்பு: இடம்தான் தயாராக இருக்கிறதே, பட்டனை மட்டும் வாங்கி மாட்டிவிட்டால் என்ன?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். "போட்டுரலாம் சார், பிளக் அண்ட் பிளேதான்" என்பார்கள். பாதி உண்மை. பட்டனை மாட்டுவது எளிது. அது சொல்வதை, சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரத்திலிருந்து அசையாமல் நிற்கும் ஸ்டீரியோவுக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. போகிற வழியில் ஏர்பேக் வேறு உட்கார்ந்திருக்கிறது.

இதை வெறும் சொகுசு என்றும் ஒதுக்க முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 2 நொடி ஸ்டீரியோ திரையைப் பார்த்தால், அதற்குள் கார் 33 மீட்டர் போயிருக்கும். காரோடு பொருத்தி வரும் மின்னணுக் கருவி எதுவானாலும் ஒரு பார்வை 2 நொடியைத் தாண்டக் கூடாது, மொத்த வேலையும் 12 நொடிக்குள் முடிய வேண்டும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. குலுங்குகிற வண்டியில் தொடுதிரையில் ஒலிக் குறியைத் தேடி அழுத்துவதற்கும், பார்க்காமலே கட்டைவிரலால் அழுத்துவதற்கும் உள்ள தூரம் அந்த 33 மீட்டர்தான். என்னைக் கேட்டால், அலாய் வீலைவிடவும் பின்னால் ஒட்டும் ஸ்பாய்லரைவிடவும் இந்தப் பட்டனுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, ஆறு பட்டனுக்கு எத்தனை வயர் வேண்டும்? வீட்டு சுவிட்ச் போர்டைப் போல யோசித்தால் பட்டனுக்கு ஒன்றாக ஆறு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று, ஆக ஏழு. பல கார்களில் இருப்பது இரண்டே: ஒரு சிக்னல் வயர், ஒரு எர்த். எந்தப் பட்டனை அழுத்தினோம் என்ற சேதி அத்தனையும் அந்த ஒற்றை வயரில் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்பதிலேயே அடங்கிவிடுகிறது.

அது இப்படி. ஸ்டீரியோவுக்குள் 5 வோல்ட் மின்சாரம் ஒரு மின்தடை வழியாக சிக்னல் வயருக்கு வருகிறது. அந்த மின்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பட்டன் எதையும் தொடாதவரை மின்சாரம் போக வழியில்லை; வயரில் முழு 5 வோல்ட் நிற்கும். ஒரு பட்டனை அழுத்தினால், அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு மின்தடை வழியாக வயர் எர்த்தோடு சேர்கிறது. இப்போது இரண்டு மின்தடைகளும் அந்த 5 வோல்ட்டைத் தங்கள் அளவுக்கேற்பப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒலியைக் கூட்டும் பட்டனுக்குப் பின்னால் 330 ஓம் இருந்தால் வயரில் 1.24 வோல்ட். குறைக்கும் பட்டனுக்கு 680 ஓம் என்றால் 2.02 வோல்ட். அடுத்த பாட்டுக்கு 1,500 ஓம் வைத்தால் சரியாக 3 வோல்ட். முந்தைய பாட்டுக்கு 3,300 வைத்தால் 3.84. ஒலியை அடக்கும் பட்டன் மின்தடையே இல்லாமல் நேராக எர்த்தைத் தொட்டால் சுழியம். இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு கார் நிறுவனமும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது.

ஸ்டீரியோவில் உள்ள சில்லு இந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றிப் படிக்கும். 10 பிட் மாற்றி என்றால் 5 வோல்ட்டை 1,024 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி 5 மில்லிவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. 1.24க்கும் 2.02க்கும் நடுவே 150 படிகளுக்கு மேல் இடைவெளி இருப்பதால் குழப்பத்துக்கு இடம் குறைவு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கார் பேட்டரியின் மின்னழுத்தம் நிலையானது அல்ல. நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 14ஐ எட்டும், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 10க்கும் கீழே விழும். ஆனாலும் பட்டன் தடுமாறுவதில்லை. வயருக்குப் போகும் 5 வோல்ட்டும், சில்லு தன் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் 5 வோல்ட்டும் ஒரே இடத்திலிருந்து வருபவை. அது 4.9 ஆகக் குறைந்தால் அளவுகோலும் கூடவே சுருங்கும், விகிதம் மாறாது.

பட்டனுக்குள் சில்லு இல்லை, நிரல் இல்லை. அது எந்த கார் நிறுவனத்துடையது என்பதுகூட ஸ்டீரியோவுக்குத் தெரிய வேண்டியதில்லை. வெளியில் வாங்கி மாட்டும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களின் பின்புறம் கீ-1, கீ-2 என்று எழுதிய இரண்டு வயர்கள் தொங்கும். அவற்றில் ஒன்றில் பட்டன் தொகுதியின் சிக்னல் வயரையும், ஸ்டீரியோவின் எர்த்தில் அதன் எர்த் வயரையும் இணைத்துவிட்டு, அமைப்புப் பக்கத்தில் 'ஸ்டியரிங்' பகுதிக்குப் போய், ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் ஒலிக்குறியைத் தொட்டால் போதும். 1.24 வோல்ட் வந்தால் ஒலியைக் கூட்டு என்று அது மனப்பாடம் செய்துகொள்ளும். பேஸ் மாடல்களில் பலவற்றுக்கு நிறுவனம் ஸ்டீரியோவே தருவதில்லை. வாங்கியவர் பின்னால் தானாகப் போட்டுக்கொள்கிறார். இந்த விஷயத்தில் அது அனுகூலம். நிறுவனமே பொருத்திய சின்ன ஸ்டீரியோவில் பல சமயம் இந்த வயருக்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். பயனியர், கென்வுட் போன்ற பிராண்டுகளின் பல மாடல்கள் தங்கள் சொந்தக் குறிகளை மட்டுமே ஏற்பதால், நடுவில் மொழிபெயர்க்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்க வேண்டியிருக்கும்.

பழைய காரில் ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் ஒலி குறைகிறது என்று சிலர் புலம்புவதன் காரணமும் இந்தப் பங்கீட்டிலேயே இருக்கிறது. பட்டனின் ரப்பருக்கு அடியில் ஒரு கரிப் பொட்டு உண்டு. அழுத்தும்போது அதுதான் போய் மின்சுற்றைத் தொடும். தூசியும் கை வியர்வையும் படிந்து, கரியும் தேய்ந்தால் அந்தத் தொடுகை தானே ஒரு மின்தடையாகிவிடும். மேலே சொன்ன 330 ஓமுடன் அழுக்கு 250 ஓம் சேர்ந்தால் மொத்தம் 580, வயரில் 1.84 வோல்ட். இது 1.24ஐவிட 2.02க்கு நெருக்கம். ஸ்டீரியோ அதை 'குறை' என்று படிக்கிறது. ஸ்டீரியோவை மாற்ற வேண்டாம். பட்டனைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய பட்டன் தொகுதியை வாங்குகிறவர்கள் கடையிலேயே மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே எண் வந்தால் எடுக்கலாம். விரலின் அழுத்தத்துக்கேற்ப எண் ஆடினால் வைத்துவிட்டு வரலாம்.

இனி, அந்த இரண்டு வயரை எப்படிக் கொண்டுபோவது? ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினால் சாதாரணக் காரில் ஏறத்தாழ மூன்றரைச் சுற்று வரும். நேராக ஒரு வயரை இழுத்துக் கட்டினால் முதல் யூ-டர்னிலேயே முறுக்கி அறுந்துவிடும். மாருதி 800 காலத்து வண்டிகளில் சக்கரத்திலிருந்து வர வேண்டியது ஹாரன் சேதி மட்டும். ஒரு செம்பு வளையம், அதன்மேல் உரசிக்கொண்டே நிற்கும் ஒரு ஸ்பிரிங் முள். அதுவே போதுமாக இருந்தது. உரசல் ஒரு கணம் விட்டுப்போனாலும் ஹாரன் கரகரக்கும், அவ்வளவுதான்.

ஏர்பேக் வந்ததும் அந்தச் சாவகாசம் போயிற்று. 1981இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் ஓட்டுநர் ஏர்பேக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோதலை உணர்ந்து பை முழுதும் விரிவதற்குக் கிடைப்பது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கான நேரம். அந்த நேரத்தில் முள் வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்குமா என்ற கேள்விக்கே இடம் இருக்கக் கூடாது. அதனால் உரசும் பாகமே இல்லாத ஒன்று தேவைப்பட்டது. அதுதான் கிளாக் ஸ்பிரிங். உள்ளங்கை அளவு வட்டப் பெட்டி. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் செம்புக் கோடுகள் ஓடும். தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டி வைத்ததுபோல அந்தப் பட்டை தளர்வாகச் சுருண்டிருக்கும். உள்முனை சக்கரத்தோடு, வெளிமுனை தண்டைச் சுற்றியுள்ள அசையாத உறையோடு. ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். எதுவும் எதன்மேலும் உரசி மின்சாரம் கடத்துவதில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே செம்பு.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. அதன் பக்கவிளைவாக, எவ்வளவு மலிவான பேஸ் மாடலானாலும் உள்ளே ஒரு கிளாக் ஸ்பிரிங் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதில் எத்தனை கோடுகள் என்பதில்தான் சூட்சுமம். பேஸ் மாடலுக்கு ஏர்பேக்குக்கு இரண்டு, ஹாரனுக்கு ஒன்று போதும். சில நிறுவனங்கள் டம்மி மூடி விஷயத்தில் போட்ட அதே கணக்கை இங்கும் போட்டு, எல்லா மாடலுக்கும் ஒரே கிளாக் ஸ்பிரிங்கை வைக்கின்றன. அப்படி இருந்தால் அதிர்ஷ்டம்: கப்ளரில் பயன்படாமல் நிற்கும் பின்களில் மேல்பக்கம் பட்டனையும் கீழ்ப்பக்கம் ஸ்டீரியோ வரை புது வயரையும் சேர்த்தால் முடிந்தது. வேறு சில நிறுவனங்கள் கீழ் மாடலுக்கென்று கோடு குறைந்ததைத் தனியாக வாங்கிப் போடுகின்றன. கப்ளரின் ஓட்டைகளில் உலோகப் பின் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அந்த ரகம். அப்போது மேல் மாடலின் கிளாக் ஸ்பிரிங்கையே வாங்கி மாற்ற வேண்டும். 'பிளக் அண்ட் பிளே' என்று சொன்னவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால், அவருக்கு உங்கள் காரைத் தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

மாற்றும்போது நடக்கும் தவறுகளில் அதிகம் நடப்பது, சுருளை நடுவில் வைக்காமல் மாட்டுவது. பெட்டி மொத்தம் ஐந்து சுற்று தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டியரிங்குக்குத் தேவை மூன்றரை. சரியாக நடுவில் இருந்தால் இரு பக்கமும் முக்கால் சுற்று உபரி. ஒரே ஒரு சுற்று பிசகினாலும் அந்த உபரி தீர்ந்து, வண்டியை ரிவர்ஸில் முழுதாக ஒடிக்கும்போது பட்டை பிய்ந்துவிடும். முன் சக்கரங்களை நேராக வைத்து, பெட்டியை மெதுவாக ஒரு கோடிவரை சுற்றி, அங்கிருந்து மறுகோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து மாட்ட வேண்டும். புதுப் பெட்டியில் நடுவைப் பிடித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் பின் வரும். மாட்டும்வரை அதைப் பிடுங்காத மெக்கானிக் நல்ல மெக்கானிக். ஹாரன், பட்டன் இரண்டும் ஒரே நாளில் செத்து ஏர்பேக் விளக்கும் எரிந்தால், பட்டை அறுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கிளாக் ஸ்பிரிங்கை எட்ட வேண்டுமானால் ஏர்பேக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பையை விரிப்பது ஒரு சின்ன வெடிப்பொறி. அதன் மின்தடை சுமார் 2 ஓம். ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் மின்சாரம் 2 மில்லிநொடி பாய்ந்தால் போதும், அது கிளம்பிவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் உடனே தொடக் கூடாது. மோதலில் பேட்டரியே நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கணினி தனக்குள் ஒரு மின்தேக்கியில் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். அது வடிய நேரம் வேண்டும். டொயோட்டா கையேடுகள் 90 நொடி என்கின்றன, வேறு சில நிறுவனங்கள் அதற்கும் மேல் கேட்கின்றன. ஏர்பேக் கப்ளர்கள் மஞ்சள் நிறத்தில் இருப்பது எச்சரிக்கைக்காக. கழற்றியதும் அதற்குள் இருக்கும் ஒரு தகடு இரண்டு பின்களையும் தானாக ஒன்று சேர்த்துவிடும். சட்டையில் உரசி உண்டான நிலைமின்சாரம்கூடப் பொறியை எட்டாது. மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் அது தானே சிறு மின்சாரத்தைச் செலுத்தித்தான் அளக்கிறது; மஞ்சள் கப்ளரில் அதன் முனையை வைப்பது அறிவீனம். கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்க மேஜையில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் மொத்தப் பெட்டியும் கூரைக்குப் பறக்கும்.

வேலை முடிந்த பிறகும் விநோதமாக நடந்துகொள்ளும் வண்டிகள் உண்டு. வளைவில் திரும்பும்போது தானாகப் பாட்டு மாறும். ஹாரன் அடித்தால் ஒலி குதிக்கும். எர்த் வயரை மிச்சம் பிடித்ததன் பலன் இது. ஸ்டியரிங்கின் உலோகச் சட்டத்திலேயே எர்த் கிடைக்கிறதே என்று பட்டனின் கறுப்பு வயரை அங்கே திருகிவிடுவார்கள். அந்த எர்த் தண்டு, பேரிங், கிரீஸ் எல்லாம் தாண்டித்தான் பாடிக்குப் போக வேண்டும்; சக்கரம் சுற்றச் சுற்ற அந்தப் பாதையின் மின்தடை ஏறி இறங்கும். ஹாரன் ரிலேயின் மின்சாரமும் சில கார்களில் அதே வழியாகத் திரும்புகிறது. ஓமும் வோல்ட்டுமே மொழியாக இருக்கும் இடத்தில், பாதையே ஓமைக் கூட்டிக் குறைத்தால் ஸ்டீரியோவுக்கு அது வேறு பட்டனாகத்தான் கேட்கும். சிக்னலுக்கு ஒரு கோடு எடுத்ததுபோல எர்த்துக்கும் கிளாக் ஸ்பிரிங்கிலேயே ஒரு கோடு எடுத்து, நேராக ஸ்டீரியோவின் எர்த்தில் சேர்ப்பதே வழி.

இந்த மின்தடைப் பாடம் எல்லா காருக்கும் பொருந்தாது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் சக்கரத்துக்குள்ளேயே ஒரு சில்லு உட்கார்ந்து, லின் எனப்படும் ஒற்றை வயர்த் தொடர்பில் இலக்கச் சேதியாக அனுப்புகிறது. வேகம் நொடிக்கு 20 கிலோபிட்டுக்கு மேல் போகாது. பட்டனுக்கு அது தாராளம். தண்டில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அதை வாங்கி, காரின் பொது வலைப்பின்னலில் போடும். இங்கே பட்டனும் வயரும் சரியாக இருந்தாலும் பயனில்லை. இந்தக் காருக்குப் பட்டன் உண்டு என்று அந்தப் பெட்டிக்கு மென்பொருள் வழியாகச் சொல்ல வேண்டும். அதற்கான கருவியும் ஆளும் கிடைக்காத ஊரில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

சுற்றும் சக்கரம்தான் தொல்லை என்றால் சுற்றாத இடத்தில் வைத்தால் என்ன? அப்படி யோசித்தவர்களும் உண்டு. 2004இல் வந்த சிட்ரோயென் சி4 காரில் ஸ்டியரிங்கின் விளிம்பு மட்டும் சுற்றும். நடுப்பகுதி பட்டன்களோடும் ஏர்பேக்கோடும் அப்படியே நிற்கும். அழகான பொறியியல்தான், ஆனால் உலகம் அதைப் பின்பற்றவில்லை. ரெனோ எடுத்த வழி இன்னும் சிக்கனம்: ஸ்டியரிங்குக்குப் பின்னால், தண்டிலேயே, விரல் நுனியில் தடவி அறியக்கூடிய ஒரு சின்னக் கைப்பிடி. சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான பழைய டஸ்டர் ஓட்டியவர்களுக்கு அது பழக்கம். முதல் சில நாள் வைப்பர் கம்பியோடு குழம்பும். பழகினால் பார்க்கவே வேண்டாம். கிளாக் ஸ்பிரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏர்பேக்கைத் தொட மனம் வராதவர்களுக்கு வயரில்லா ரிமோட் இருக்கிறது. நாணய பேட்டரியில் ஓடும் பட்டன் தொகுதியை ஸ்டியரிங் விளிம்பில் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். ஸ்டீரியோவுக்குப் பின்னால் வைக்கும் ஏற்பி அந்தச் சேதியை வாங்கி, மேலே பார்த்த அதே மின்னழுத்தங்களாக மாற்றி கீ-1 வயரில் கொடுத்துவிடும். பெரும்பாலான பேஸ் மாடல் உரிமையாளர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரே நிபந்தனை, நடுவில் உள்ள ஏர்பேக் மூடியின் மேலோ அதன் விளிம்பை ஒட்டியோ எதையும் ஒட்டக் கூடாது. பை வெளிவரும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும். அதன் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு போய்ச் சேரும் இடம் ஓட்டுநரின் முகம்.

கடையில் வேலையை முடித்துச் சாவியைக் கையில் தரும்போது, பாட்டு மாறுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பலகையைப் பாருங்கள். இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் கோளாறு, எரிந்துகொண்டே இருந்தாலும் கோளாறு. அணைந்துவிட்டது என்பதாலும் முழுதாக நம்பிவிட முடியாது. ஏர்பேக் கணினி பையை நேரில் பார்ப்பதில்லை. தன் வயரில் 2 ஓம் தெரிகிறதா என்று மட்டும் ஓயாமல் அளக்கிறது. கிளாக் ஸ்பிரிங்கைக் கிழித்துவிட்டு, மஞ்சள் கப்ளரில் 2 ஓம் மின்தடை ஒன்றைச் செருகி விளக்கை அணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. கணினிக்கு அதுவும் ஏர்பேக்தான். ஆகவே ஸ்டியரிங்கைத் திறக்கும்போதும் மூடும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்கிலேயே போய் 'டிக்' என்று உட்காருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.